மரபு விழா நியாயமா, தேவையா? காவிரிப் படுகையில் விழா எடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரபு விழா என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

ஒரு மக்கள் கூட்டம் தன் மொழி, தொழில், முன்னோர், கலை ஆகியவற்றை முன்வைத்துப் பொதுவெளியில் எடுக்கும் விழா. ஐப்பசிச் சதயத்தில் தஞ்சையில் நடக்கும் ராஜராஜன் சதய விழா, ஆடித் திருவாதிரையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனுக்கு எடுக்கும் விழா, சமத்துவப் பொங்கல், கல்லூரிகளின் பாரம்பரிய தினம், மொழிச் சிறுபான்மையினரின் ஆண்டு விழா எல்லாம் இதில் அடங்கும். கோயில் திருவிழா, நாகூர்க் கந்தூரி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம் எல்லாம் வழிபாடு. அவற்றுக்கு வேறு நியாயம் உண்டு; இங்கே தொடவில்லை.

ஒரு பிரிவினருக்கென்று தனி விழா எடுத்தால் மற்றவர்களை ஒதுக்குவது ஆகாதா?

விழா எதற்காகத் தொடங்கியது என்று பார்த்தால் பாதிச் சண்டை தீரும். அமெரிக்காவின் கறுப்பின வரலாற்று மாதம், 1926-ல் கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் தொடங்கிய ஒரு வாரமாகத்தான் பிறந்தது. கறுப்பினத்தாரின் வரலாறு பள்ளிப் பாடத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதுதான் அவருடைய வழக்கு. 1976-ல் அது மாதமாக விரிந்தது. ஸ்பானிய மொழி வழிவந்த ஹிஸ்பானியரின் மரபுக்கு 1968-ல் ஒரு வாரம், 1988-ல் ஒரு மாதம். கனடா நாடாளுமன்றம் 2016-ல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. பெரும்பான்மையின் பாடப்புத்தகத்தில் இல்லாதவர்கள் தங்களுக்கும் ஒரு பக்கம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

‘எங்களுக்கு மட்டும் ஏன் மாதம் இல்லை’ என்று அங்கே வெள்ளையர் கேட்டால், மிச்சப் பதினொரு மாதப் பாடமும் உங்களுடையதுதானே என்று பதில் வரும். அந்தப் பதில் தஞ்சாவூரில் நம்மை நோக்கித் திரும்பும். டொரொன்டோவில் தமிழர் சிறுபான்மை, இங்கே பெரும்பான்மை. அங்கே தமிழ் மாதம் நியாயம் என்று வாதாடுகிறவர், அய்யம்பேட்டைச் சௌராஷ்டிர நெசவாளர் தம் மொழிக்கு ஒரு மாலைப்பொழுது கேட்கும்போது முகம் சுளிக்கக் கூடாது. பெரும்பான்மை எடுக்கும் விழா தவறென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பொறுப்பு கூடுதல்: யாரைக் கூப்பிட்டோம், யாருக்குக் கூலி கொடுத்தோம், யாரைச் சமைக்க விட்டோம் என்ற மூன்றுக்கும் அது பதில் சொல்ல வேண்டும்.

டெல்டாவின் மரபு என்றால் சோழர் மரபுதானே?

சோழரிலிருந்து தொடங்குவது சரி, சோழரோடு நிறுத்துவது சரியில்லை. தஞ்சையில் நாயக்கர் ஆட்சி போய் 1676 வாக்கில் ஏகோஜி வந்தார்; மராட்டியர் ஆட்சி 1855 வரை நீடித்தது. பெரிய கோயிலின் கல்லிலேயே இரண்டாம் சரபோஜி 1803-ல் தம் குல வரலாற்றை மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார். பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் சரபோஜியின் அவையில் இருந்தவர்கள். நாகூர் தர்காவின் பெரிய மினாரை எழுப்பியவர் மராட்டிய அரசர் பிரதாப் சிங். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இன்றும் ஆடப்படும் பாகவத மேளா தெலுங்கு நாடகம். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தவன் ராஜராஜனேதான்; அந்தச் செப்பேடு கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனதால் அதற்கு லைடன் செப்பேடு என்றே பெயர் வந்துவிட்டது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் இருந்தார்கள்.

கண்காட்சிச் சுவரில் அடிக்கடி விடுபடும் ஒன்று கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெற்களஞ்சியம் என்று பெருமையாகப் பலகை வைத்துவிட்டு, அந்த நெல்லை விளைவித்தவரின் கூலிச் சண்டைக்கு இடமில்லை என்று சொல்லும் கண்காட்சி அரைக் கண்காட்சிதான்.

மேடை நேரம் மூன்று மணிதானே, இத்தனை பேரை எப்படி அடக்குவது?

எல்லாரையும் ஒரே வருடத்தில் அடக்க வேண்டாம். வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு பிரிவினர் என்று சுழற்சி வையுங்கள். அடுத்த இரண்டு வருடப் பட்டியலையும் இந்த வருடமே ஒட்டிவிடுங்கள். ‘எங்களுக்கு எப்போது’ என்ற மனத்தாங்கல் அதோடு அடங்கும்.

நேரத்தைத் தின்பது கலை இல்லை, பேச்சு. 180 நிமிட நிகழ்ச்சியில் உரைகளுக்கு மொத்தம் 30 நிமிடம் போதும். வழக்கமாக நடப்பது இதுதான்: சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி தாமதமாக வருவார், ஏழு பேர் வரவேற்பார்கள், ஏழு பேருக்குப் பொன்னாடை, கடைசியில் இருக்கும் கரகக் குழுவுக்கு அரை மணி என்று பேசியது எட்டு நிமிடமாகச் சுருங்கும். கலை நிகழ்ச்சியை முன்னால் வையுங்கள், உரையைப் பின்னால் தள்ளுங்கள். விருந்தினர் எப்போது வந்தாலும் விழா நின்று காத்திருக்காது.

ராஜராஜனை நாலைந்து சாதிக்காரர்கள் ‘எங்கள் ஆள்’ என்கிறார்கள். எங்கள் ஊர் விழாவில் என்ன செய்ய?

சதய விழாவை 2022-ல் அரசு விழாவாக அறிவித்த பிறகும் தஞ்சைச் சுவர்களில் இந்தப் போட்டி குறையவில்லை. ராஜராஜன் என்ன சாதி என்ற வாதத்துக்குள் விழாக் குழு போகவே கூடாது. போனால் திரும்பி வரும் வழி கிடையாது. நடைமுறையில் மூன்று விதி போதும். பேனரிலும் அழைப்பிதழிலும் அரசன் பெயருக்குப் பின்னாலோ முன்னாலோ சாதிப் பட்டம் கிடையாது, நன்கொடையாளர் பெயருக்கும் அதே விதி. மாலை போட வருவோருக்குக் காலையிலேயே வரிசைச் சீட்டு; சீட்டு எண் குலுக்கலில் வரட்டும், கட்சி, சங்கம், தெரு என்ற எந்த முன்னுரிமையும் வேண்டாம். சாதிப் பெயர் சொல்லி முழக்கமிட்டால் ஒலிபெருக்கி உடனே நிற்கும் என்பதை முந்தின நாள் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி ஒப்பந்தம் மேளச் சத்தத்தில் காணாமல் போய்விடும்.

பேச்சாளர்களுக்குக் கொடுக்கப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே நல்ல பொருள் இருக்கிறது. தான் கொடுத்ததோடு அக்கன் குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னவன் ராஜராஜன். கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் அங்கே இருக்கிறது. கோயிலில் ஆடல் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் இருந்தார், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவு) நெல் என்பது வரை எழுதியிருக்கிறது. பெரும்பாலோர் பெயருக்கு முன்னால் நக்கன் என்று வரும். நடன நிகழ்ச்சி வைக்கிற விழா இந்தப் பெயர்களில் பத்தையாவது ஒரு பலகையில் எழுதி வைக்கட்டுமே.

புகழ் பாடும் விழாவில் தீண்டாச்சேரி பற்றியெல்லாம் பேச வேண்டுமா?

அதே கோயிலின் கல்வெட்டில் ஊர்களில் எந்த நிலங்களுக்கு வரி இல்லை என்ற பட்டியல் வருகிறது. கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரி என்று போகும் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. இதைப் படிப்பது அரசனைத் திட்டுவது ஆகாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது என்று கல்லே சொல்வதைக் கேட்பதுதான். சோழர் கால நில உரிமை பற்றித் திருப்பனந்தாளில் ஒரு திரைப்பட இயக்குநர் 2019-ல் பேசியது வழக்காகி நீதிமன்றம் வரை போனது. பேச விடாமல் செய்தால் விவாதம் நின்றுவிடும் என்பது தப்புக்கணக்கு.

பள்ளி விழா என்றால் எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். சின்னக் குழந்தைகளுக்கு நால்வகைப் படையும் கப்பலும் போதும்.

பறை அடிக்கிறவர்களை அழைத்தோம். ஆனாலும் குறை சொல்கிறார்கள். ஏன்?

பெரும்பாலும் ஊர்வலத்தின் முன்னால் நடக்கவிட்டு, மேடை வந்ததும் ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பீர்கள். நாகஸ்வரத்துக்கு மேடையும் மைக்கும், பறைக்கு ரோடு என்றால் அது விழாவிலும் தொடரும் பழைய ஊர்முறைதான்.

மேடை கொடுத்தாலும் சில வேலைகள் தெரிந்திருக்க வேண்டும். தோல் பறை ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகையில் கால் மணிக்கொரு முறைகூடக் காய்ச்ச வேண்டியிருக்கும். காய்ச்சாமல் அடித்தால் ‘டங்’ என்று எழும் ஒலி ‘தொப்’ என்று விழும், பார்ப்பவர் கலைஞரைக் குறை சொல்வார். மேடைக்குப் பின்னால், கீற்றுப் பந்தலிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, ஒரு இரும்புச் சட்டி, உலர்ந்த வைக்கோல் இரண்டு கட்டு, இரண்டு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் வைத்துக் கொடுங்கள். ‘தீயா, இங்கே கூடாது’ என்று கடைசி நேரத்தில் தடுப்பதுதான் மிக அதிகம் நடக்கும் தவறு. சில குழுக்கள் இப்போது செயற்கைத் தோல் பறையும் கொண்டுவருகின்றன. எது என்று முன்கூட்டியே கேளுங்கள். மைக்கைப் பறைக்கு நேர் எதிரே வைத்தால் ஒலி பிளக்கும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, மூன்று நான்கு அடி தள்ளி இரண்டு மைக் போதும்.

கூலியில் ஒரே விதி: குழுவுக்கு என்று பேசாமல் ஆளுக்கு என்று பேசுங்கள். பாதி முன்பணம், மீதி மேடையை விட்டு இறங்கியதும். பயணச் செலவு தனி. சாப்பாடு எல்லாரும் உட்காரும் அதே பந்தியில். பரதநாட்டியக் குழுவுக்கு ஒரு தொகையும் கரகம், பறைக்கு ‘ஏதோ பார்த்துப் போட்டுக் கொடுக்கிறோம்’ என்பதும் ஒரே நோட்டில் இருக்கக் கூடாது. பொன்னாடை அடுப்பெரிக்க உதவாது என்பது கலைஞர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை இல்லாதவர் யாரும் குழுவில் இருந்தால், பதிவுக்கான தாள்களை நிரப்ப விழாக் குழுவில் ஒருவர் உதவட்டும். சால்வையைவிட அது நிற்கும்.

சமத்துவப் பொங்கல் வெறும் போட்டோவுக்குத்தானே?

பல இடங்களில் ஆமாம். பானை பொங்கும்போது எல்லாரும் சுற்றி நின்று படம், பிறகு ஆளுக்கொரு மூலை. இது மாறுமா என்பது அடுப்பில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சமையலைக் குடியானத் தெருவுக்கும், கையில் வாங்கிச் சாப்பிடும் வேலையை மற்றத் தெருக்களுக்கும் கொடுத்தால் பெயரில் மட்டும்தான் சமத்துவம். நான்கு அடுப்பு என்றால் ஒவ்வொரு அடுப்புக்கும் வெவ்வேறு தெருக்காரர் இரண்டு பேரைக் குலுக்கலில் போட்டு நிறுத்துங்கள். வெந்ததும் நான்கு பானையையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறிப் பரிமாறுங்கள். இன்ன அடுப்புப் பொங்கல் எனக்கு வேண்டாம் என்று சொல்ல அப்போது வழியில்லை.

300 பேருக்கு ஆளுக்கு 100 கிராம் வீதம் சர்க்கரைப் பொங்கல் என்றால் பச்சரிசி 5 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றேகால் கிலோ, வெல்லம் ஏழரை கிலோ, பாலும் தண்ணீருமாக 22 லிட்டர், நெய் 1 கிலோ, முந்திரி, திராட்சை தலா கால் கிலோ, ஏலக்காய் 50 கிராம். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே சேர்க்க வேண்டும். மண்ணும் கரும்புச் சக்கையும் இருக்கும். அரிசி குழைய வேகும் முன் வெல்லம் போட்டால் அதற்குப் பிறகு அரிசி வேகாது, எத்தனை மணி நேரம் எரித்தாலும் விதை விதையாகவே நிற்கும். அவசரப்படுத்துகிறவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் போட்டோகிராபர்தான்.

பள்ளியில் பாரம்பரிய உடைப் போட்டி வைக்கலாமா?

வேட்டி, சேலை, பாவாடை தாவணி கட்டிவரச் சொல்வதில் தவறில்லை; போட்டியாக்குவதில்தான் சிக்கல். பரிசு பட்டுக்குப் போகும், பட்டு காசுள்ள வீட்டுக்குப் போகும். திருபுவனத்தில் பட்டு நெய்கிறவர் வீட்டுப் பிள்ளையே பருத்தியில் வந்து நிற்கக்கூடும். பரிசை எடுத்துவிட்டு, கட்டியிருக்கும் துணி எங்கே நெய்தது, எப்படி நெய்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வரி சொல்லச் செய்யுங்கள்.

நரிக்குறவர் வேஷம், பழங்குடி வேஷம் என்று பிள்ளைகளுக்கு மை பூசி, மணி கட்டி அனுப்புவது கூடாது. அந்தச் சமூகத்துப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அதன் வீட்டை அன்றைக்கு வேடிக்கைப் பொருளாக்குகிறோம்.

சௌராஷ்டிரர், மராத்தியர், தெலுங்கர் ஆகியோரை அழைத்தால் எப்படிக் கௌரவமாக நடத்துவது?

‘உங்க டிரெஸ்ல வந்து ஒரு டான்ஸ் ஆடுங்க’ என்று கேட்காதீர்கள். அவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்து என்ன காட்டுவது என்பதை அவர்களிடமே விடுங்கள். சிலர் மொழியைப் பேசிக்காட்ட விரும்புவார்கள், சிலர் தறியைக் கொண்டுவர விரும்புவார்கள், சிலருக்கு எதுவும் வேண்டாம் என்றும் இருக்கும். தறி வருமென்றால் கைத்தறிக்கு 10 அடிக்கு 8 அடி சமதளம், நல்ல வெளிச்சம், கூட்டம் கை வைக்காமலிருக்க ஒரு கயிறு வேண்டும். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைத் தொட்டு இழை அறுந்தால் அவர் வேலை கெட்டது. ‘வந்தேறி’ என்ற சொல் மேடையில் வந்தால் தலைமை தாங்குகிறவர் அங்கேயே மறுக்க வேண்டும், மறுநாள் வருத்தம் தெரிவிப்பதில் பயனில்லை. முந்நூறு நானூறு வருடம் இங்கே பிழைத்தவரிடம் ஊர் எது என்று கேட்பது நாகரிகமில்லை.

மொழிச் சண்டை வந்தால்?

வரும். தெலுங்கில் பாட்டு இயற்றிய தியாகராஜருக்குத் திருவையாற்றில் எடுக்கும் ஆராதனையில் 1946-ல் பாடகர் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்கே பெரிய சர்ச்சை எழுந்தது. 2020 பெரிய கோயில் குடமுழுக்குக்கு முன் தமிழா வடமொழியா என்ற வழக்கு உயர்நீதிமன்றம் போய், இரண்டிலும் நடத்தலாம் என்று முடிந்தது. ஆராதனை போன்ற ஒருவர் நினைவு நாளில் அவருடைய பாட்டு அவருடைய மொழியில் இருப்பது இயல்பு. ஊர்ப் பொதுப்பணத்தில் நடக்கும் விழாவில் ஊர் பேசும் மொழி பின்வாசலில் நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சூடு தணியும்.

தேதி எப்போது வைப்பது?

நியாயம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சம்பா நடவு ஓடும் புரட்டாசி, ஐப்பசியில் பகல் விழா வைத்தால் நடவுப் பெண்கள் வர முடியாது. வந்தால் ஒரு நாள் கூலி போகும். தை, மாசியில் அறுவடை. மார்ச்சில் தேர்வு. சதயம் போல நட்சத்திரம் கட்டாயமென்றால் மாலை 6 மணிக்கு மேல் தொடங்குங்கள். தேதி உங்கள் கையில் என்றால் சித்திரையில் ஒரு சனிக்கிழமை மாலை.

அனுமதி, பாதுகாப்பு?

காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சிக்கும் குறைந்தது 15 நாள் முன்னால் மனு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பெரிய கோயில், தாராசுரம் போன்ற இந்தியத் தொல்லியல் துறைச் சின்னத்துக்குள் ஒரு ஆணி அடிக்கவும் அந்தத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும்.

ஊர்வல வண்டியின் உயரத்தை அலங்காரம் முடிந்த பிறகு அளந்து பாருங்கள். தஞ்சையை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரலில் அப்பர் சதயத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வழியில் எங்கெல்லாம் கம்பி தாழ்ந்திருக்கிறது என்று மின்வாரிய ஊழியரோடு நடந்து பார்த்து, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மழைக்காலப் பந்தலில் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் சீரியல் விளக்குப் போடாதீர்கள்.

பணம் எப்படித் திரட்டுவது?

குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிக்கும் ஊர்களில் ஒரு பழைய தந்திரம் உண்டு. காலனியில் வரி வாங்க மாட்டார்கள்; கேட்டால் ‘அவர்களுக்கு ஏன் சிரமம்’ என்பார்கள். வரி வாங்காவிட்டால் உரிமை கேட்க முடியாது என்பதுதான் உள்கணக்கு. எல்லாத் தெருவிலும் ஒரே தொகை, முடியாதவர்க்கு எல்லாத் தெருவிலும் விலக்கு, எல்லாத் தெருவிலிருந்தும் குழுவில் ஒருவர், குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பெரிய நன்கொடையாளர் மேடையில் நாற்காலி கேட்டால், நாற்காலி உண்டு, மைக் கிடையாது. வரவு செலவை 15 நாளுக்குள் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள், கலைஞர் கூலி தனி வரியாகத் தெரியும்படி.

இத்தனை செலவுக்குப் பயன் உண்டா, அல்லது ஒரு நாள் கூத்தா?

அமெரிக்க மாதங்கள் மீதும் இதே குறை உண்டு: பிப்ரவரி முடிந்தால் புத்தகம் மூடப்படும். குறை உண்மையானது. கூட்டம் எத்தனை, எத்தனை பேர் நேரலை பார்த்தார்கள் என்பதை வைத்து அளக்காதீர்கள். விழாவுக்குப் பின் ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். மேடையேறிய கலைஞருக்கு அதன் வழியாக வேறு வேலை வந்ததா? நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவரிடம் புதிதாக யாரும் ஆர்டர் கொடுத்தார்களா? குழுவில் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு தெருக்காரர்கள் வாய்க்கால் தூர்வாரும்போதும் ஒன்றாக உட்கார்ந்தார்களா? மூன்றுக்கும் இரண்டு வருடம் தொடர்ந்து இல்லை என்றே பதில் வந்தால், மூன்றாம் வருடம் மேடையை விட்டுவிட்டு அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள்.

வேறு வழி என்றால் எது?

நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இயந்திர நடவு வந்த வயலில் பாட்டுக்கு வேலையில்லை. மேடைச் செலவில் சிறு பங்கு இருந்தால் ஒரு ஊராட்சியின் பாட்டுகளைப் பதிந்துவிடலாம். நல்ல கைபேசியும் சட்டையில் குத்தும் ஒரு மைக்கும் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கன்றுக்குட்டி இல்லாத திண்ணையில் உட்கார்ந்து பதியுங்கள். ஒப்பாரியை வீட்டில் பாடச் சிலர் தயங்குவார்கள், கெட்ட சகுனம் என்று; அவர்களை வற்புறுத்தாமல் களத்துமேட்டிலோ கோயில் மரத்தடியிலோ பாடச் சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பாடுகிறவர் தம் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றது, இதைப் பிறர் கேட்கலாமா கூடாதா என்பதைத் தம் குரலில் சொல்லட்டும். பகல் முழுவதும் உட்கார்ந்து பாடுகிறவருக்கு ஒரு நாள் நடவுக் கூலி கட்டாயம். மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாட்டுப்புறவியல் துறைக்கு.